ஸ்டோயிக் முறையில் ஒரு நாள்: இரவில் தொடங்கிப் பழகுவது எப்படி

ஸ்டோயிக் தத்துவத்தை அறிமுகப்படுத்துவோர் பெரும்பாலும் ‘நம் கையில் இருப்பது, நம் கையில் இல்லாதது’ என்ற பாகுபாட்டிலிருந்து தொடங்குவார்கள். அது பிழையன்று. ஆனால், அங்கே தொடங்கும் பலர், அந்த வாக்கியத்தை இரண்டு நாள் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பழையபடி வீட்டில் எரிந்து விழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பலரில் நானும் ஒருவன். எதையும் தரம் பிரிக்க வேண்டுமானால் முதலில் கையில் சரக்கு இருக்க வேண்டும். இங்கே சரக்கு என்பது நாம் கழித்து முடித்த ஒரு நாள். ஆகவே இந்தப் பயிற்சியைக் காலையில் தொடங்காமல் இரவில் தொடங்குமாறு பரிந்துரைக்கிறேன்.

அதற்கு முன், இது எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைப்ரஸ் தீவின் கிட்டியம் நகரைச் சேர்ந்த ஸீனோ என்ற வணிகர், கப்பல் உடைந்து சரக்கை இழந்து ஏதென்ஸ் வந்து சேர்ந்தார் என்றும், அங்கே ஒரு புத்தகக் கடையில் சாக்ரட்டீஸைப் பற்றிய நூலை வாசிக்கக் கேட்டு, இத்தகைய மனிதர்கள் எங்கே இருப்பார்கள் என்று விசாரிக்க, அவ்வழியே போய்க்கொண்டிருந்த கிரேட்டஸ் என்ற தத்துவவாதியைக் கடைக்காரர் சுட்டிக்காட்டினார் என்றும் பண்டைய தத்துவவாதிகளின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த டயோஜெனிஸ் லயர்ட்டியஸ் எழுதிவைத்திருக்கிறார். கி.மு. 300 வாக்கில் ஸீனோ தாமே கற்பிக்கத் தொடங்கிய இடம், ஏதென்ஸ் சந்தைவெளியின் ஓரத்தில் ஓவியங்கள் தீட்டப்பட்ட ஒரு தூண் மண்டபம். கிரேக்கத்தில் அத்தகைய மண்டபத்துக்கு ‘ஸ்டோவா’ என்று பெயர். அங்கே கூடியவர்களுக்கு அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பின் வந்த கிரிசிப்பஸ் 700க்கும் மேற்பட்ட நூல்கள் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. அவற்றில் ஒன்றுகூட முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. இன்று நாம் முழு நூல்களாகக் கையில் எடுத்து வாசிக்கக்கூடியவை பெரும்பாலும் ரோமானியப் பேரரசுக் காலத்து மூவருடையவை: நீரோவின் ஆசிரியராக இருந்து, அந்த நீரோவின் ஆணையாலேயே கி.பி. 65இல் உயிரை மாய்த்துக்கொண்ட செனெக்கா. அடிமையாக இருந்து விடுதலை பெற்று, நிக்கோபொலிஸ் நகரில் பள்ளி நடத்திய எபிக்டெட்டஸ். 161 முதல் 180 வரை பேரரசராக ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ்.

இவர்களது அடிப்படைக் கொள்கை ஒன்றுதான். நற்குணம் மட்டுமே உண்மையான நன்மை. அறிவுத்தெளிவு, துணிவு, நீதி, தன்னடக்கம் என நான்கு முகங்கள் அதற்கு உண்டு. உடல்நலம், பணம், பெயர் ஆகியவை விரும்பத்தக்கவையே ஆயினும், அவை இருப்பதால் ஒருவர் நல்லவராகிவிடுவதும் இல்லை, இல்லாததால் கெட்டவராகிவிடுவதும் இல்லை. இதை ஏற்றுக்கொண்டுதான் பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பயிற்சி செய்துகொண்டே போகும்போது இது எவ்வளவு தூரம் உண்மை என்று அவரவரே உரைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

விளக்கை அணைத்த பிறகு

கோபத்தைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் செனெக்கா தம் இரவு வழக்கத்தை விவரிக்கிறார். விளக்கை எடுத்துச் சென்ற பிறகு, அந்த வழக்கத்தை அறிந்த மனைவியும் பேச்சை நிறுத்திக்கொண்ட பிறகு, அன்றைய நாள் முழுவதையும் அவர் தமக்குள்ளேயே விசாரணைக்கு எடுத்துக்கொள்வார். செய்ததையும் சொன்னதையும் திரும்ப அளந்து பார்ப்பார். எதையும் தமக்கே ஒளிப்பதில்லை. செக்ஸ்டியஸ் என்பவர் உறங்கப் போகுமுன் தம்மையே கேட்டுக்கொண்ட மூன்று கேள்விகளையும் அங்கே குறிப்பிடுகிறார்: இன்று உன்னிடமுள்ள எந்தக் கேட்டைக் குணப்படுத்தினாய், எந்தக் குறையை எதிர்த்து நின்றாய், எந்த வகையில் முன்னைவிட மேலாக இருக்கிறாய்.

அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள் எல்லாம் மிகச் சிறியவை என்பதைக் கவனிக்க வேண்டும். விவாதத்தில் அளவுமீறிச் சூடாகப் பேசிவிட்டாய் என்று ஓரிடத்தில் தம்மைக் கண்டிக்கிறார். இன்னொருவரைக் கண்டித்தது சரிதான், ஆனால் கண்டித்த விதம் அவரைத் திருத்தாமல் புண்படுத்திவிட்டது என்கிறார். விருந்தில் தமக்குத் தாழ்ந்த இருக்கை கொடுத்துவிட்டார்கள் என்று விருந்து கொடுத்தவர்மீதும், மேலான இருக்கையில் அமர்ந்தவர்மீதும் வந்த எரிச்சல்கூட அந்தப் பட்டியலில் இருக்கிறது. கல்யாணப் பந்தியில் முதல் வரிசை கிடைக்காததற்காக முகம் சுளிக்கும் சித்தப்பாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதன்று.

இதைச் செய்ய நாற்பது பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் போதும். கைப்பேசியில் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். எழுத எடுத்த கை எங்கெங்கோ போய்விடும். பக்கத்தில் இரண்டு கோடுகளை நீளவாக்கில் போட்டு மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் நடந்தது, இரண்டாவதில் அதைப் பற்றி எனக்கு நானே சொல்லிக்கொண்டது, மூன்றாவதில் நான் செய்தது. இந்த மூன்று பத்தி ஏற்பாடு செனெக்காவினுடையது அன்று, என்னுடையது. ஆனால் அதன் அடிப்படை எபிக்டெட்டஸிடமிருந்து வந்தது என்பது சற்று நேரத்தில் விளங்கும். ஒரு நாளைக்கு மூன்று நிகழ்ச்சிகளுக்கு மேல் எழுத வேண்டாம். பத்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும்.

என் நோட்டிலிருந்தே ஒரு பக்கத்தைக் காட்டுகிறேன். நடந்தது: காலை 8.10, எங்கள் வாசற்கதவுக்கு நேராக எதிர்வீட்டு ஸ்கூட்டர் நின்றது. எனக்கு நானே சொல்லிக்கொண்டது: வேண்டுமென்றே செய்கிறார், போன வாரம் தண்ணீர் மோட்டார் விஷயமாக நான் கேட்டதற்குப் பழிவாங்குகிறார், இந்தத் தெருவில் யாருக்கும் மரியாதை தெரியவில்லை, இப்படியே விட்டால் நாளை வீட்டுக்குள்ளேயே வந்து நிறுத்துவார். செய்தது: ஸ்டாண்டைக்கூட எடுக்காமல் வண்டியை இழுத்தேன், அது தரையில் கிறீச்சிட்ட சத்தத்தில் அவருடைய மகள் வெளியே ஓடிவந்து, “ஸாரி அங்கிள், அப்பாவுக்கு ராத்திரியெல்லாம் காய்ச்சல், மருந்து வாங்கிட்டு வந்த அவசரத்துல நான்தான் இப்படி விட்டுட்டேன்” என்றாள்.

எழுதி முடித்துப் பார்த்தபோது முதல் பத்தியில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. இரண்டாவது பத்தியில் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருந்தேன். ‘வேண்டுமென்றே’ என்ற சொல் முதல் பத்தியில் எங்கும் இல்லை. அந்த ஸ்கூட்டரும் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் தொடர்ந்து எழுதினால் உங்கள் நோட்டிலும் இரண்டாம் பத்தி தடித்துப் போயிருப்பதைக் காண்பீர்கள். ஸ்டோயிக்குகளின் முழு வேலையும் அந்தப் பத்தியில்தான் நடக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இது நம்மை நாமே சாட்டையால் அடித்துக்கொள்ளும் சடங்கன்று. செனெக்கா தம் பிழையைக் கண்டுபிடித்ததும், இனி இதைச் செய்யாதே, இம்முறை உன்னை மன்னிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உறங்கப் போகிறார். அந்த விசாரணைக்குப் பின் வரும் உறக்கம் எவ்வளவு ஆழமானது என்றும் வியக்கிறார். இயல்பிலேயே தம்மைக் குறைகூறிக்கொள்ளும் பழக்கமுள்ளவர்கள், மூன்று நிகழ்ச்சிகளில் ஒன்றாவது தாம் சரியாகக் கையாண்டதாக இருக்குமாறு தேர்ந்தெடுத்து எழுத வேண்டும்.

நடந்தது ஒன்று, நாம் சேர்த்தது ஒன்று

மனிதர்களைக் கலங்கச் செய்பவை நிகழ்ச்சிகள் அல்ல, அந்த நிகழ்ச்சிகளைப் பற்றிய தீர்ப்புகள் என்று எபிக்டெட்டஸின் கையேடு கூறுகிறது. இதைப் பலரும் ‘எல்லாம் மனசுதான்’ என்று சுருக்கிவிடுகிறார்கள். அந்தச் சுருக்கத்தில் விஷயம் கைநழுவிவிடுகிறது. அவர் சொல்வது இன்னும் நுணுக்கமானது: முதலில் ஒரு மனப்பதிவு வருகிறது, அது நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அடுத்து, ‘ஆம், அப்படித்தான்’ என்று அதற்கு நாம் இசைவு தருகிறோம். இந்த இரண்டுக்கும் இடையே ஒரு சிறிய இடைவெளி உண்டு. நமக்கு அதிகாரம் இருப்பது அந்த இடைவெளியில் மட்டுந்தான்.

இதற்கு மிகச் சிறந்த விளக்கம் ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் ஜெல்லியஸ் எழுதிவைத்த கப்பல் கதை. கிரேக்கத்திலிருந்து இத்தாலிக்குப் போகும் கப்பல் கடும் புயலில் சிக்கியது. அதில் பெயர்பெற்ற ஸ்டோயிக் ஒருவரும் பயணம் செய்தார். எல்லாரும் அலறிக்கொண்டிருக்க, இவர் எப்படி இருக்கிறார் என்று ஜெல்லியஸ் ஓரக்கண்ணால் பார்த்தால், மற்றவர்களைப் போலவே இவர் முகமும் வெளுத்துப்போயிருந்தது. அலறவில்லை, அவ்வளவுதான் வேறுபாடு. புயல் ஓய்ந்த பின் ஜெல்லியஸ் மெல்ல அணுகி, நீங்கள் ஏன் வெளுத்தீர்கள் என்று கேட்டார். அந்த ஸ்டோயிக் தம் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைகளில் ஒரு பகுதியை எடுத்து அவரிடம் கொடுத்தார். இடியோசை கேட்டால் ஞானியும்கூடத் திடுக்கிடுவான், முகம் வெளுப்பான். அது உடலின் முதல் அதிர்வு, யாராலும் தடுக்க முடியாதது. ஆனால், ‘இது உண்மையிலேயே அஞ்சத்தக்க தீமைதான்’ என்ற எண்ணத்துக்கு அவன் ஒப்புதல் கொடுக்க மாட்டான் என்பது அதன் சாரம்.

இந்தக் கதையை அறியாததால்தான் ஸ்டோயிக் என்றால் கல்நெஞ்சர் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. உங்களுக்குக் கை நடுங்கலாம், தொண்டை அடைக்கலாம், கண்ணில் நீர் வரலாம். பயிற்சி தோற்றுவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. அந்த நடுக்கத்தை அடக்க முயல்வது வீண் வேலை என்பதோடு, உண்மையில் செய்ய வேண்டிய வேலையிலிருந்து கவனத்தைத் திருப்பிவிடவும் செய்கிறது.

அந்த வேலையைச் செய்ய மார்க்கஸ் அரேலியஸ் எளிய வழி ஒன்று சொல்கிறார். முதல் பதிவு கொண்டுவந்த செய்திக்கு மேல் நீ எதையும் சேர்த்துச் சொல்லாதே. இன்னார் உன்னைப் பற்றித் தவறாகப் பேசினார் என்று செய்தி வந்தது. அதனால் உனக்குக் கேடு விளைந்துவிட்டது என்று எந்தச் செய்தியும் வரவில்லை. என் குழந்தை நோயுற்றிருப்பதைப் பார்க்கிறேன். ஆபத்தில் இருப்பதாக நான் பார்க்கவில்லை. எழுதியவர் பல குழந்தைகளைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த தகப்பன் என்பது தெரிந்தால் இந்த வரி எவ்வளவு பாடுபட்டு எழுதப்பட்டது என்பது புரியும்.

நடைமுறையில் இதைச் செய்ய, பெயரடைகளைக் கழித்துவிட்டுப் பேசிப் பழகுவது நல்லது. ஒருவர் விரைவாகக் குளித்தால் ‘மோசமாகக் குளிக்கிறார்’ என்று சொல்லாதே, ‘விரைவாகக் குளிக்கிறார்’ என்று மட்டும் சொல் என்கிறார் எபிக்டெட்டஸ். ‘மேலாளர் என்னை எல்லார் முன்னிலையிலும் அவமானப்படுத்தினார்’ என்று எழுதியிருந்தால், அதை அடித்துவிட்டு, ‘கூட்டத்தில் ஆறு பேர் இருக்கும்போது, அறிக்கையில் மூன்றாம் பக்கத்துக் கூட்டல் தவறு என்று மேலாளர் கூறினார்’ என்று எழுதிப் பாருங்கள். கூட்டல் உண்மையிலேயே தவறாக இருந்ததா என்ற கேள்வி அப்போதுதான் எழும். இம்முறையை மார்க்கஸ் ஆசைப்படும் பொருள்களுக்கும் பயன்படுத்தினார்: விலையுயர்ந்த ஃபலேர்னிய மது திராட்சைச் சாறுதான், தாம் உடுத்தும் பேரரசரின் ஊதா உடை சிப்பி இரத்தத்தில் தோய்த்த ஆட்டு மயிர்தான். பட்டுப் புடவைக் கடையில் இதைச் சொல்லிப் பார்க்கலாம். கூட வந்தவர்களின் காதில் விழாமல் சொல்வது உத்தமம்.

வில்லாளியின் பங்கு

ஒரு வார நோட்டு கையில் சேர்ந்த பிறகு, முதலில் தள்ளிவைத்த பாகுபாட்டுக்கு வரலாம். எபிக்டெட்டஸின் கையேடு அதிலிருந்துதான் தொடங்குகிறது. கருத்து, செயலுக்கான உந்துதல், விருப்பு, வெறுப்பு ஆகியவை நம்மைச் சார்ந்தவை; உடல், சொத்து, பெயர், பதவி ஆகியவை நம்மைச் சார்ந்தவை அல்ல. நோட்டின் ஒவ்வொரு பதிவிலும் எந்தெந்தச் சொல் இந்தப் பக்கம், எந்தெந்தச் சொல் அந்தப் பக்கம் என்று பென்சிலால் அடிக்கோடிட்டுப் பாருங்கள்.

உடல் நம்மைச் சார்ந்ததன்று என்றதும், அப்படியானால் சர்க்கரைக்கு மாத்திரை போட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரை போடுவது நம் செயல், அதைச் செய்ய வேண்டும். மாத்திரை போட்டும் சர்க்கரை ஏறினால், அந்த ஏற்றம் நம் செயலன்று. இவ்வேறுபாட்டை விளக்க ரோமானியச் சொற்பொழிவாளர் சிசரோ தம் நூலொன்றில் ஸ்டோயிக்குகளின் வில்லாளி உவமையைத் தருகிறார். குறிபார்த்து எய்வதற்கு வேண்டிய அனைத்தையும் வில்லாளி செய்கிறான். அம்பு குறியில் தைப்பது விரும்பத்தக்கதே, ஆனால் அவன் அடைய வேண்டிய இலக்கு நன்றாக எய்வதுதான். நாண் விட்ட பிறகு காற்று அடிக்கலாம், குறி நகரலாம்.

எனவே, எந்தக் காரியத்தைத் தொடங்கும்போதும் நோக்கத்தை மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். நேர்காணலுக்குப் போகும் ஒருவர் ‘இந்த வேலையைப் பெறுவேன்’ என்பதற்குப் பதிலாக, ‘கேட்கும் கேள்விக்குத் தெரிந்ததைத் தெளிவாகவும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்வேன்’ என்று எழுதிக்கொள்ளலாம். இதனால் முயற்சி குறையும் என்று அஞ்ச வேண்டியதில்லை. முடிவைப் பற்றிய படபடப்பு எடுத்துக்கொண்ட இடம் தயாரிப்புக்குத் திரும்பக் கிடைக்கிறது. இதனுடன் செனெக்கா ஒரு சொல்லையும் சேர்க்கச் சொல்கிறார்: ஏதும் குறுக்கிடாவிட்டால் கப்பலேறுவேன். நம் வீட்டுப் பெரியவர்கள் ஊருக்குக் கிளம்பும்போதுகூட ‘பார்க்கலாம், எல்லாம் கூடிவந்தால்’ என்று சொல்வதுண்டு. பெரும்பாலும் அது பேச்சு வழக்காகவே வந்துபோகிறது. செனெக்கா அதை நினைத்துச் சொல்லச் சொல்கிறார்.

காலையில் சில நிமிடங்கள்

இரவுப் பழக்கம் இரண்டு வாரம் நிலைத்த பிறகு காலையைச் சேர்த்துக்கொள்ளலாம். இன்று நான் தலையிடுபவன், நன்றிகெட்டவன், திமிர்பிடித்தவன், வஞ்சகன், பொறாமைக்காரன் ஆகியோரைச் சந்திக்கப் போகிறேன் என்று விடியும்போதே சொல்லிக்கொள் என மார்க்கஸ் தம் குறிப்புகளின் இரண்டாம் பகுதியைத் தொடங்குகிறார். அதை இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு பகிர்பவர்கள், அதன் பின்பாதியை விட்டுவிடுகிறார்கள்: நன்மை எது தீமை எது என்று அறியாததால் அவர்கள் அப்படி ஆனார்கள், அவர்கள் எனக்கு உறவினர்கள், பாதங்களைப் போல, கைகளைப் போல, மேல் கீழ்ப் பல்வரிசைகளைப் போல நாங்கள் சேர்ந்து இயங்கப் பிறந்தவர்கள். பின்பாதி இல்லாவிட்டால் முன்பாதி வெறும் உலக வெறுப்பு.

எபிக்டெட்டஸின் எடுத்துக்காட்டு இன்னும் கைக்கு நெருக்கமானது. பொதுக் குளியலறைக்குப் போகிறாயா, அங்கே நீர் தெறிப்பவர்கள், இடிப்பவர்கள், ஏசுபவர்கள், திருடுபவர்கள் இருப்பார்கள் என்று முதலில் எண்ணிக்கொள். குளிக்கவும் வேண்டும், என் மனநிலையை இயற்கையோடு இசைவாகக் காக்கவும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து எண்ணிக்கொண்டு போ. பொங்கலுக்கு முந்தைய இரவு பேருந்து நிலையத்துக்குப் போகிறவர் இதையே கிளம்பும் முன் செய்யலாம். வண்டி தாமதமாக வரும், முன்பதிவு செய்த இருக்கையில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார், ஜன்னல் மூடாது. ஊருக்குப் போக வேண்டும் என்பது ஒரு நோக்கம். போய்ச் சேரும்போது மனிதனாகப் போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொன்று.

இப்படி வரப்போகும் தொல்லைகளை முன்கூட்டியே எண்ணுவது இரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. கவலைப்படும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது எளிதில் அதே கவலையாகிவிடும். நாம் உண்மையில் படுவதைவிடக் கற்பனையில் படுவதே அதிகம் என்று தம் நண்பர் லுசீலியஸுக்குக் கடிதம் எழுதியவரும் இதே செனெக்காதான். எண்ணும் ஒவ்வொரு தொல்லைக்கும் ‘அப்போது நான் என்ன செய்வேன்’ என்ற பதில் ஒன்று கூடவே வர வேண்டும்; பதில் வராமல் தொல்லை மட்டும் பெருகினால் நிறுத்திவிடுங்கள்.

அவ்வப்போது சில நாள் எளிய வாழ்வைப் பழகுவதும் செனெக்கா சொன்னதுதான். கடினமான படுக்கை, முரட்டுத் துணி, மலிவான ரொட்டி என்று மூன்று நான்கு நாள் இருந்து பார்த்து, ‘இதற்கா அஞ்சினேன்’ என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறார். ஆயிரக்கணக்கான அடிமைகளும் ஏழைகளும் நாள்தோறும் செய்வதைத்தான் நீ செய்கிறாய், இதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்ற குட்டும் அங்கேயே இருக்கிறது. குளிர்ந்த நீரில் குளிப்பதைப் படம்பிடித்துப் போடுபவர்கள் அந்தக் குட்டைப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கோபத்துக்கும் உறவுக்கும்

கோபத்துக்கு மிகப் பெரிய மருந்து தாமதம் என்கிறார் செனெக்கா. இதில் விளக்க அதிகம் ஒன்றுமில்லை. பதில் அனுப்பும் முன் ஓர் இரவு கடக்கட்டும். குடும்ப வாட்ஸாப் குழுவில் சொத்துப் பேச்சு வரும்போது இது குறிப்பாகப் பொருந்தும். நம்மைப் பற்றி யாரோ தவறாகப் பேசினார் என்று கேள்விப்பட்டால் சொல்வதற்கு எபிக்டெட்டஸ் ஒரு பதிலும் வைத்திருக்கிறார்: என்னுடைய மற்றக் குறைகள் அவருக்குத் தெரியாது போலும், தெரிந்திருந்தால் இவற்றோடு நிறுத்தியிருக்க மாட்டார்.

உறவுகளைப் பற்றி, அவ்வளவாகப் பேசப்படாத ஹைரோக்ளீஸ் என்ற ஸ்டோயிக் எழுதியது எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொருவரையும் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகப் பல வட்டங்கள் இருக்கின்றன என்கிறார் அவர். நடுவில் நம் மனம். அடுத்துப் பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, மக்கள். பின்னர் மற்ற உறவினர், ஊரார், நாட்டார், இறுதியில் மனித இனம் முழுவதும். வெளிவட்டத்தில் இருப்பவர்களை ஒரு வட்டம் உள்ளே இழுப்பதே பயிற்சி. அதற்கு அவர் சொல்லும் வழிகளில் ஒன்று, அழைக்கும் சொல்லை மாற்றுவது: ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளைச் சகோதரர் என்றும், பெற்றோரின் உடன்பிறந்தவர்களைத் தந்தை, தாய் என்றும் அழையுங்கள் என்கிறார். பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி என்று அழைத்து, அவர்களின் பிள்ளைகளை அண்ணன், தங்கை என்றே சொல்லி வளர்ந்த நமக்கு அந்தப் பயிற்சியின் முதல் படியை மொழியே போட்டுக்கொடுத்திருக்கிறது. காய்கறிக்காரரை அண்ணாச்சி என்றும் பேருந்தில் அறிமுகமில்லாத மூதாட்டியைப் பாட்டி என்றும் அழைக்கிறோம். அழைத்த பிறகு இடத்தை விட்டு எழுந்து கொடுக்கிறோமா என்பதை இரவு நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.

எங்கே பயன்படுத்தக் கூடாது

அடுத்தவர் துக்கத்தில் இதைப் பயன்படுத்தக் கூடாது. இழவு வீட்டில் போய் ‘உங்களைக் கலக்குவது நிகழ்ச்சியன்று, உங்கள் தீர்ப்புதான்’ என்று சொல்பவர் எபிக்டெட்டஸைப் படிக்கவே இல்லை. அழுபவரைக் கண்டால் ஆறுதல் சொல்லத் தயங்காதே, வேண்டுமானால் அவரோடு சேர்ந்து நீயும் விம்மு, உள்ளுக்குள் மட்டும் நிலைகுலையாதே என்பதே அவர் அறிவுரை. இப்பயிற்சி தனக்குத் தானே செய்துகொள்வது. பிறருக்குச் செய்யும் வைத்தியமன்று.

அநீதியைப் பொறுத்துக்கொள்வதற்கும் இதைச் சாக்காக்கக் கூடாது. ‘என் கையில் இல்லை’ என்று சொல்லி ஒதுங்குவோருக்கு, ரோமின் ஆட்சிமன்றமான செனட்டில் உறுப்பினராக இருந்த ஹெல்விடியஸ் பிரிஸ்கஸைப் பற்றி எபிக்டெட்டஸ் தம் மாணவர்களுக்குச் சொன்ன கதையைச் சொல்லலாம். செனட்டுக்கு வர வேண்டாம் என்று பேரரசர் வெஸ்பாசியன் அவருக்குச் சொல்லி அனுப்பினார். என்னை உறுப்பினராக வைத்திருப்பதும் நீக்குவதும் உங்கள் கையில் இருக்கிறது. உறுப்பினராக இருக்கும்வரை நான் வந்தாக வேண்டும் என்று அவர் பதில் அனுப்பினார். வந்தால் பேசாமல் இரு என்றதற்கு, என்னிடம் கருத்துக் கேட்காதீர்கள், பேச மாட்டேன். கேட்டால் சரியெனப் பட்டதைச் சொல்லியாக வேண்டும் என்றார். கொன்றுவிடுவேன் என்றபோது, கொல்வது உங்கள் வேலை, அஞ்சாமல் சாவது என் வேலை என்று முடித்தார். எது யார் கையில் என்ற பாகுபாடு இங்கே ஒதுங்குவதற்குப் பயன்படவில்லை. முன்னே போவதற்குப் பயன்பட்டது.

இந்த ஆசான்களையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அடிமைகளை மனிதராக நடத்து என்று செனெக்கா உருக்கமாக எழுதினார். அடிமைமுறையே வேண்டாம் என்று எழுதவில்லை. எளிமையைப் புகழ்ந்த அவர் பெருஞ்செல்வர், அந்த முரண்பாட்டை அவர் வாழ்ந்த காலத்திலேயே சுட்டிக்காட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. வாரக்கணக்கில் உறக்கமில்லை, எதிலும் பற்றில்லை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், நோட்டை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்று பரவலாக வழங்கப்படும் அறிதல்சார் நடத்தைச் சிகிச்சைக்கு வழிவகுத்த ஆல்பர்ட் எல்லிஸும் ஆரன் பெக்கும் ஸ்டோயிக்குகளுக்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொண்டவர்கள்தாம். எனவே, அங்கே போவதால் இந்த வழியை விட்டு விலகுகிறோம் என்ற எண்ணமும் வேண்டாம்.

படிப்பும் கணக்கும்

படிக்க விரும்புவோர் எபிக்டெட்டஸின் கையேட்டிலிருந்து தொடங்கலாம். 53 சிறு பகுதிகள்தாம், ஒரு நாளைக்கு ஒன்று போதும். அவர் தாமாக எதையும் எழுதவில்லை, மாணவர் ஆரியன் குறித்துவைத்ததே நமக்குக் கிடைத்திருக்கிறது. பிறகு செனெக்கா லுசீலியஸுக்கு எழுதிய 124 கடிதங்களில் பிடித்தவற்றைப் பொறுக்கி வாசிக்கலாம். மார்க்கஸின் பன்னிரண்டு பகுதிகளில் முதலாவது, தமக்கு நல்லது செய்தவர்களுக்கு நன்றி சொல்லும் பட்டியல்; அறியாத பெயர்களாகக் குவிந்து முதல் வாசிப்பில் அலுப்பூட்டும். இரண்டாவதிலிருந்து தொடங்கி, கடைசியில் முதலாவதுக்குத் திரும்பினால் அது நூலின் மிக அழகான பகுதியாகத் தெரியும்.

படித்ததைப் பேசித் திரிய வேண்டாம். ஆடுகள் எவ்வளவு தின்றோம் என்று காட்டப் புல்லை மேய்ப்பனிடம் கொண்டுவருவதில்லை, செரித்துக் கம்பளியாகவும் பாலாகவும் தருகின்றன என்பார் எபிக்டெட்டஸ்.

மாதக் கடைசியில் நோட்டைத் திருப்பி ஒரு கணக்கு எடுங்கள். முன்பெல்லாம் தினமும் கோபப்பட்டேன், பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள், பிறகு மூன்று நாளுக்கொருமுறை என்று எண்ணிக்கொண்டே வா. முப்பது நாள் கோபமில்லாமல் கடந்தால் கடவுளுக்குப் பலி கொடு என்று தம் மாணவர்களிடம் எபிக்டெட்டஸ் சொல்லியிருக்கிறார். என் முதல் மாதக் கணக்கில் பதினொரு பக்கங்கள் வெற்றாக இருந்தன, எழுதாமலே தூங்கியிருக்கிறேன். எழுதிய பத்தொன்பதில் பதினாலு பக்கங்களில் கோபம் இருந்தது. அந்தப் பதினாலில் ஒன்பது, காலை எட்டு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் வந்தவை. இரண்டாம் மாதம் நான் செய்த ஒரே மாற்றம், அலாரத்தை இருபது நிமிடம் முன்னதாக வைத்ததுதான், ஒன்பது நான்காயிற்று.